பக்கத்து சீட்டு பிரேக்

மாஸ்டருடைய டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரே ஒரு கார். அதன் தலையில் ஒரு மஞ்சள் பலகை. பள்ளியின் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'எங்கள் வண்டி இதுவரை எதிலும் மோதியதில்லை' என்று அதில் எழுதியிருக்கும். விளம்பரப் பலகையில் பாதி உண்மை இருந்தாலே பெரிய விஷயம். மாஸ்டருடையது முழு உண்மை. அந்த வண்டி ஒரு பூந்தொட்டியைக்கூட உரசியதில்லை. ஏன் உரசவில்லை என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓட்டக் கற்றுக்கொடுக்கிற காரில் பக்கத்து இருக்கைக்கு முன்னாலும் ஒரு பிரேக் இருக்கும். படிக்கிறவர் திணறினால் சொல்லிக்கொடுக்கிறவர் மிதிப்பதற்காக. இரண்டு பிரேக்கையும் ஒரு கம்பி இணைத்திருக்கும். இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் தானாகக் கீழே இறங்கும். ஆபத்துக்கு மட்டும் தொடவேண்டிய அந்தப் பிரேக்கில்தான் மாஸ்டரின் கால் குடியிருந்தது. நாய் வந்தால் மிதிப்பார். நாய் வருமோ என்று தோன்றினாலும் மிதிப்பார். வாய் மட்டும், "நீங்களே பாத்து நிறுத்துங்க, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

கத்துகிற மாஸ்டர்கள் உண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் அடிக்கிறவர்களும் உண்டு. இவர் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அதனால் ஏற்கெனவே இன்னொரு இடத்தில் திட்டு வாங்கி அழுதவர்கள், வயதானவர்கள், கைநடுக்கம் உள்ளவர்கள் எல்லோரும் இவரைத் தேடி வந்தார்கள். வண்டி குலுங்காமல் நிற்கும்போது அவர்கள் முகம் மலரும். அதைப் பார்ப்பதில் மாஸ்டருக்கு ஒரு ருசி. "அருமையா நிறுத்தினீங்க" என்பார். மிதித்தது யார் என்பது அவர் காலுக்குத் தெரியும். வாய்க்குத் தெரியாது.

லைசென்ஸ் தேர்வும் இதே காரில்தான். இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் உட்கார்ந்து பார்ப்பார், மாஸ்டர் வழக்கம்போல முன்னால். அங்கேயும் கால் சும்மா இருக்காது. அதற்கு மாஸ்டர் மனசுக்குள் 'சின்ன ஒத்தாசை' என்று பெயர் வைத்திருந்தார். திருட்டுக்குச் செல்லப் பெயர் வைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. மாஸ்டரை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இந்தக் கோபம்.

அவருடைய தங்கை, முதியவர்களைப் பகல் நேரத்தில் பார்த்துக்கொள்கிற ஒரு காப்பகத்தில் வேலை பார்த்தாள். கைபிடித்து நடக்க வைப்பது, மருந்து கொடுப்பது, ஒரே கதையைத் தினமும் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பது. காப்பகத்து வேன் டிரைவர் வேலையை விட்டுப் போனதும் மேனேஜரம்மா இவளைக் கூப்பிட்டு, "லைசென்ஸ் எடுத்துட்டு வா, வேன் உனக்குத்தான்" என்றார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வண்டியில் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து போனவள் அவள். முதலில் அப்பா ஸ்கூட்டர், பிறகு புருஷன் பைக், புருஷன் வெளிநாட்டு வேலைக்குப் போனபிறகு பஸ்.

"அண்ணா, கூடப் பொறந்தவன்னு பாக்காம கண்டிப்பா சொல்லிக்கொடு" என்றாள்.

"நான் என்னைக்குக் கண்டிச்சிருக்கேன்?"

"அதான் பயமா இருக்கு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். மாஸ்டரும் சிரித்தார். தங்கை என்பதால் மற்றவர்களுக்குச் செய்ததைவிட இன்னும் கொஞ்சம் அதிகமாகவே அவர் கால் ஒத்தாசை செய்தது. அவள் முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் வாங்கினாள். மாஸ்டர் ஆபீஸ் என்று சொல்லிக்கொள்கிற முன்னறைச் சுவரில், லைசென்ஸைக் கையில் பிடித்துச் சிரிக்கிற மாணவர்களின் படங்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். தங்கையின் படத்தை நட்டநடுவில் ஒட்டினார்.

வேனை ஒப்படைக்குமுன் ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார் மேனேஜரம்மா. "உங்க அண்ணனும் கூட வரட்டும், எனக்கு நிம்மதியா இருக்கும்" என்றார். பின்னால் வேடிக்கை பார்க்க ஆசைப்பட்ட இரண்டு பெரியவர்கள் ஏறிக்கொண்டார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற தையல்காரர். "பாத்து ஓட்டும்மா, எனக்கு இன்னும் வயசிருக்கு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

மாஸ்டர் முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். தங்கை கண்ணாடிகளைச் சரிசெய்து, பெல்ட் மாட்டி, சொல்லிக்கொடுத்தது ஒன்று விடாமல் செய்தாள். பெரிய சாலையில் ஒரு குறையும் இல்லை. சிக்னல்களில் விளக்கு பச்சையாகவே இருந்தது, வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லை. ரொட்டிக்கடை இருக்கிற குறுக்குத் தெருவுக்குள் திரும்பினார்கள். நின்றிருந்த ஒரு லாரிக்குப் பின்னாலிருந்து சைக்கிள் ஒன்று வெளியே வந்தது. சாவி செய்கிறவருடைய சைக்கிள். முன்னால் தகரப்பெட்டி, ஹாண்டில்பார் முழுக்கத் தொங்கும் பழைய சாவிகள்.

மாஸ்டரின் கால் பாய்ந்து மிதித்தது. அங்கே வெறும் தரைவிரிப்புதான் இருந்தது. மறுபடி மிதித்தார். தங்கையும் மிதித்தாள். பதறவில்லை, கத்தவில்லை, எப்போதும் மிதிக்கிற மாதிரி மெத்தென்று மிதித்துவிட்டு, வண்டி நிற்பதற்காகக் காத்திருந்தாள். வேன் கொஞ்சம் வேகம் குறைந்து, அப்படியே போய்ச் சைக்கிளைத் தள்ளியது.

சாவிகள் சிதறுகிற சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் பின் சீட்டில் தையல்காரர், "அம்மா" என்றார். முன் சீட்டுக் கம்பியில் அவர் நெற்றி இடித்திருந்தது. சாவிக்காரர் சாலையில் உட்கார்ந்தபடி வலது மணிக்கட்டை இடது கையால் தூக்கிப் பிடித்திருந்தார். கை இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது.

கூட்டம் சேர அதிக நேரம் ஆகவில்லை. "பொம்பளை ஓட்டினா இப்படித்தான்" என்று ஒருவன் ஆரம்பித்தான். "யாருய்யா இவங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது?" என்று இன்னொருவன். ரொட்டிக்கடைக்காரருக்கு மாஸ்டரைத் தெரியும். "அட, நம்ம மாஸ்டர். உங்க ஸ்டூடண்டா இது?" என்று கேட்டார்.

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பிரேக்கை அழுத்திப் புடின்னு. காதுலயே வாங்கலையே."

தங்கை அவரைத் திரும்பிப் பார்த்தாள். மறுத்துப் பேசுவாள் என்று மாஸ்டர் பயந்தார். அவள் தலையை ஆட்டினாள். "ஆமா. என் தப்புதான்" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, சாவிக்காரர் பக்கத்தில் மண்டியிட்டு, தன் துப்பட்டாவை மடித்து அவர் கைக்குத் தொட்டில் கட்டினாள். பிறகு ஒவ்வொரு சாவியாகப் பொறுக்கித் தகரப்பெட்டியில் போட்டாள். மாஸ்டரும் பொறுக்கக் குனிந்தார். அவருக்கு ஒரு சாவிகூடக் கண்ணில் படவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுகிறவரைக்கும் அண்ணன் தங்கை இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சாவிக்காரர் நல்ல மனிதர். திட்டவில்லை. திட்டியிருந்தால் மாஸ்டருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நிக்கப்போகுதுன்னுதான் சார் நெனச்சேன்" என்றார் அவர். "அந்தம்மா என்னைப் பாத்துட்டாங்க. முகத்துல கொஞ்சமும் பயமில்ல. சரி, நிறுத்திடுவாங்கன்னு நானும் நகராம நின்னுட்டேன்."

அரம் பிடிக்கிற கை அது. கட்டைப் பிரிக்கிற வரைக்கும் சாவி வெட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார். தங்கை, "தினமும் நான் வந்து உங்க வீட்டுக்கு வேணுங்கறதைப் பாத்துக்கறேன்" என்றாள். மாஸ்டர் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அறிவிப்பை முழுவதும் படித்தார். பிறகு திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் உள்ளே போகவில்லை. வாசலில் நின்ற பள்ளிக் காரின் கதவைத் திறந்து, ஓட்டுகிறவர் பக்கம் குனிந்து பார்த்தார். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. ஆக்ஸிலேட்டரும் அப்படித்தான். நடுவில் இருந்த பிரேக் பெடலில் மட்டும் ரப்பர் வரிகள் நேற்று வாங்கியதுபோல அப்படியே இருந்தன. விரலால் தடவினால் நகத்தில் தட்டின.

பக்கத்து சீட்டுப் பக்கம் போய்க் குனிந்தார். அவருடைய பிரேக்கில் ரப்பரே இல்லை. தேய்ந்து, கிழிந்து, இரும்பு தெரிந்தது. அதற்கு நேர் கீழே, குதிகால் ஊன்றுகிற இடத்தில், தரைவிரிப்பில் ஒரு ஓட்டை.

இத்தனை வருஷமாக இந்தக் காரை ஓட்டியது யார் என்று அந்த ஓட்டை சொன்னது. வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். தங்கை மெத்தென்று மிதித்தாள் என்றால், அந்த மெத்தென்ற மிதிதான் அவள் படித்த பாடம். அதற்கே இந்தக் கார் நின்றது. நிற்கும்போது பெடல் தன் காலுக்குக் கீழே இறங்குவதை உணர்ந்து, தான்தான் அழுத்தினோம் என்று நம்பினாள். அவளைத்தான் நடுத்தெருவில் நிற்கவைத்து, காதில் வாங்கவில்லை என்று சொன்னார். மாஸ்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கார் கதவை மெதுவாகச் சாத்தினார், யாரோ உள்ளே தூங்குகிற மாதிரி.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். மனிதர் சொல்லவில்லை. மறுநாள் வழக்கம்போல வகுப்பெடுத்தார். காலை இழுத்து சீட்டுக்கடியில் வைத்துக்கொள்வார், ஒரு ஸ்கூட்டர் எதிரே வந்ததும் கால் தானாக முன்னே போய்விடும். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைப்பார். பலகை கண்ணில் படும். ஊரில் இன்னும் எவ்வளவு பேர் தன் ஒத்தாசையில் லைசென்ஸ் வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு வரும்போது, வேறு எதையாவது நினைத்துக்கொள்வார்.

கடைசியில் அவரை அசைத்தது வேறொன்று. சாவிக்காரர் வீட்டுக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனவர், அப்படியே தங்கையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காப்பகத்துக்குள் நுழைந்தார். கூடத்தில் உடற்பயிற்சி நேரம். முதியவர்கள் வட்டமாக நாற்காலியில் உட்கார்ந்து, பயிற்சியாளர் சொல்லச் சொல்லக் காலைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வட்டத்தில் தங்கையும் உட்கார்ந்திருந்தாள். அவள் வலது கணுக்காலில், அந்த வயசானவர்களுக்குக் கட்டுகிற மணல் பை கட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

"என்ன இது?" என்றார் மாஸ்டர்.

தங்கை வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டதுதான் கொடுமை. "ஒண்ணுமில்ல அண்ணா. காலுக்கு வலு இல்லபோல. நான் மிதிக்கத்தான் செஞ்சேன், சத்தியமா மிதிச்சேன். எப்பவும் மிதிக்கிற மாதிரிதான். ஆனா நிக்கல. அதான் நரம்புல ஏதாவது பிரச்சனையான்னு, பயிற்சி சொல்லிக்கொடுக்கற இவர்கிட்ட காட்டினேன். ஒண்ணும் இல்லைங்கறார். இருந்தாலும் எதுக்கும் பழகிக்கலாம்னு."

நெற்றியில் பிளாஸ்டர் ஒட்டியிருந்த தையல்காரர் இடையில் புகுந்தார். "மாடிப்படியில தினமும் ஏறி எறங்குது சார் உங்க தங்கச்சி. எனக்கே மூச்சு வாங்குது, பாத்து."

"மேனேஜரம்மா வேன் சாவியைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க" என்றாள் தங்கை தரையைப் பார்த்தபடி. "வாங்காம இருப்பாங்களா? நல்லவேளை, அந்தச் சாவிக்காரருக்குக் கையோட போச்சு. இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் ஆசைப்பட்டதே தப்பு."

மாஸ்டர் அங்கேயே, வட்டத்துக்கு நடுவில் நின்றார். தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். நடுத்தெருவில் சொன்ன பொய்யைத் தனியறையில் திருத்த முடியாது என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது ஒன்றே இந்தக் கதையில் அவருக்கு நான் தருகிற மதிப்பெண்.

"உன் கால்ல ஒண்ணும் இல்ல" என்றார்.  "ஸ்கூல் காரை நீ நிறுத்தினதே இல்லம்மா. நான்தான் நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும். என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதிச்சா உன் பெடலும் கூடவே எறங்கும். நீதான் நிறுத்தினேன்னு உன்னை நம்ப வச்சேன்."

பயிற்சியாளர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். மேனேஜரம்மா தன் அறை வாசலுக்கு வந்து நின்றார்.

தங்கைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு குனிந்து, மணல் பையின் பட்டையைப் பிரித்து, அதை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்ஸ்பெக்டர் பின்னாடி உக்காந்திருந்தப்பவுமா?"

"அப்பவும்தான்."

"அப்போ லைசென்ஸ் உன் காலுக்குத்தான் குடுத்திருக்காங்க."

 தையல்காரர்கூடச் சிரிக்கவில்லை.

"அதுகூடப் பரவாயில்ல அண்ணா" என்றாள். குரல் உயரவே இல்லை. "ரோட்டுல அத்தனை பேருக்கு முன்னாடி, காதுல வாங்கலன்னு சொன்னியே. அப்ப உனக்குத் தெரியுமா?"

"அந்த நிமிஷம் தெரியாது. வீட்டுக்குப் போய் வண்டியைக் குனிஞ்சு பாத்தேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"அன்னிக்கா? நான் படியேறிக்கிட்டே இருந்தேன்" என்றாள் அவள்.  அழுதது மாஸ்டர்தான். ஒரு பாட்டியம்மா தன் கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொள்ளவும் அவருக்குக் கூசியது.

மேனேஜரம்மா கறாரான பெண்மணி. "உங்க தங்கச்சி மறுபடி முதல்லேருந்து கத்துக்கட்டும். வேற ஆள்கிட்ட. லைசென்ஸ் ஆபீஸுக்கு நீங்களே போய் நடந்ததைச் சொல்லி, மறுபடி டெஸ்ட் வைக்கச் சொல்லுங்க. அதுல தேறினா வேன் சாவி இங்கேயே இருக்கும். ஆனா உங்களை ஒண்ணு கேக்கணும் மாஸ்டர்" என்றார். "இவங்க ஒருத்தர்தானா?"

 தங்கை மாஸ்டர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "வா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். மன்னித்துவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்து மாஸ்டர் நிம்மதிகூட அடைந்துவிட்டார். அவருக்கு அவ்வளவுதான் அறிவு.

பஸ் பிடித்து வந்தார்கள். முன்னறைக்குள் நுழைந்ததும் சுவருக்கு நேராகப் போனாள். நட்டநடுவில் இருந்த தன் படத்தை உரித்து எடுத்து, மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு மாஸ்டருடைய போனை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"கூப்பிடு."

"யாரை?"

அவள் சுவரைக் காட்டினாள். பல் தெரியச் சிரிக்கிற முகங்கள். இரட்டைக் குழந்தைக்காரி, ஓய்வுபெற்ற கணக்காளர், ஆஸ்பத்திரி நர்ஸ், பரிசோதனைக்கூடத்துப் பையன், கண்ணாடி போட்ட பேராசிரியர். ஒவ்வொருவருக்கும் 'அருமையா நிறுத்தினீங்க' என்று சொன்னது மாஸ்டருக்கு ஞாபகம் வந்தது.

"எல்லாரையுமா? என்னன்னு சொல்றது?"

"என்கிட்ட சொன்னதையே சொல்லு. உங்களுக்கு நிறுத்தத் தெரியாதுன்னு சொல்லு. பிரேக் எப்படி இருக்கும்னு நீங்க இன்னும் பாத்ததே இல்லைன்னு சொல்லு. காலி மைதானத்துக்கு வரச் சொல்லு, சொல்லிக்கொடு, பின் சீட்டுல உக்காந்துக்கிட்டு." மூச்சு வாங்கினாள். "ஸ்கூலே போயிரும்னு பாக்கறியா?"

"ஆமா" என்றார் மாஸ்டர். பொய் சொல்லிச் சலித்துப்போயிருந்தது.

"போகட்டும். கூப்பிடு."

அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்டர் சுவரில் முதல் வரிசை முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார். இரட்டைக் குழந்தைக்காரி. பயத்தில் வியர்த்துக்கொட்ட முதல் வகுப்புக்கு வந்தவள். கடைசி நாளில் சந்தோஷம் தாங்காமல் மாஸ்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனவள்.

போன் உடனே எடுக்கப்பட்டது. பின்னணியில் இரைச்சல். குழந்தைகள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர், எப்படி இருக்கீங்க? உங்களைத்தான் நேத்து நெனச்சேன்."

"நல்லா இருக்கேம்மா. நீங்க... வண்டியெல்லாம் ஓட்டறீங்களா?"

"என்ன மாஸ்டர் இப்படிக் கேக்கறீங்க? உங்க புண்ணியம், நேத்து வண்டி வாங்கினதுலேருந்து நான்தான் ஓட்டறேன்." அவள் சிரித்தாள். "இப்பக்கூட ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். பசங்களை ஸ்கூல்லேருந்து கூட்டிக்கிட்டு மேம்பாலத்துல எறங்கிக்கிட்டு இருக்கேன். சொல்லுங்க, ஸ்பீக்கர்லதான் இருக்கீங்க."

 தங்கை நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, பேச வேண்டாம். முன்னாடி பாருங்க. பாலம் எறங்கினதும், அவசரமில்ல, ஓரமா நிறுத்துங்க. பிரேக்கை நல்லா அழுத்துங்க. நீங்க எப்பவும் அழுத்தறதைவிட நல்லா."

"ஏன் மாஸ்டர், என்ன ஆச்சு?"

"நிறுத்துங்கம்மா. அப்புறம் சொல்றேன்."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. வண்டியின் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பின்னால் யாரோ நீளமாக ஹாரன் அடித்தார்கள். ஒரு குழந்தை, "அம்மா, லாரி" என்றது.

மாஸ்டர் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் நீண்டு, சிமெண்டுத் தரையைக் குதிகால் வலிக்க அழுத்திக்கொண்டிருந்தது. தங்கை அதைப் பார்த்தாள்.

"அங்க பிரேக் இல்ல அண்ணா" என்றாள்.

அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் காலை எடுக்க முடியவில்லை.